வீடியோ கேம் சேகரிக்கத் தொடங்குகிறவருக்கு: ஓட வைத்துப் பாதுகாக்க ஒரு வழிகாட்டி

பழைய சாமான் பெட்டி ஒன்றைக் கிளறும்போது அடியில் சாம்பல் நிற கேட்ரிட்ஜ் (கேம் பதிந்த, கருவியில் செருகுகிற பிளாஸ்டிக் வில்லை) ஒன்று அகப்படும். லேபிளின் ஒரு மூலை உரிந்திருக்கும். பின்பக்கம் யாரோ பேனாவால் முதலெழுத்து போட்டு வைத்திருப்பார்கள். கையில் எடுத்ததும் முதலில் தோன்றுவது ஒரே கேள்விதான்: இது இன்னும் ஓடுமா?

எனக்கு இந்தப் பழக்கம் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான். இத்தனை வருடம் கழித்தும் ஒரு பழைய கன்சோலின் (கேம் ஓட்டுகிற கருவியின்) பட்டனை அழுத்திவிட்டு, திரையில் ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கும் அந்த இரண்டு விநாடியில் நெஞ்சு படபடக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எண்ணத்தில் நின்று எழுதியது. சேகரித்த கேம் ஓட வேண்டும். எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எங்கே வைப்பது என்று பின்னால் சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்து வருபவை.

இப்போதெல்லாம் எல்லாம் டவுன்லோடாகவே கிடைக்கிறதே, பெட்டியும் டிஸ்க்கும் எதற்கு என்று பலர் கேட்பார்கள். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாகக் காசு கொடுத்து வாங்கும் நிலையில் இல்லை என்று அதில் தெரியவந்தது. அதே 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ என்ற தன் இரண்டு கன்சோல்களுக்குமான இணையக் கடையை நிண்டெண்டோ மூடியது. அங்கே மட்டுமே கிடைத்த கேம்களைப் புதிதாக வாங்க அன்றோடு வழி அடைபட்டுப்போனது. 2014-இல் இலவசமாக வெளியான 'பி.டி.' என்ற திகில் கேம் மறு வருடமே பிளேஸ்டேஷன் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அது யாருடைய பிஎஸ்4-இல் (பிளேஸ்டேஷன் 4) அழிக்கப்படாமல் இருந்ததோ, அவர்களிடம் மட்டும் தங்கியது. கையில் பிடிக்கிற கேட்ரிட்ஜுக்கு இந்த ஆபத்து இல்லை. அதற்கு வேறு ஆபத்துகள் உண்டு. அவற்றை நம் கையாலேயே தடுக்கலாம்.

முதல் வேலை: வேலி போடுவது

புதிதாக வருகிறவர் செய்கிற தவறு, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குவது. ஆறு மாதத்தில் அலமாரி நிறைந்துவிடும், விளையாட ஆசைப்படுகிற கேம் அதில் நாலு கூட இருக்காது.

ஒரு எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கன்சோல், ஒரே தொடர், ஒரே நிறுவனம் உருவாக்கியவை, அல்லது நீங்கள் பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை விளையாடியவை மட்டும். எல்லை எவ்வளவு சின்னது என்பது முக்கியமே இல்லை. எதை வாங்காமல் விடுவது என்று அது உங்களுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"முழு செட்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள். வட அமெரிக்காவில் நிண்டெண்டோவின் பழைய என்இஎஸ் கன்சோலுக்கு உரிமம் பெற்று வந்த கேம்கள் எழுநூறை நெருங்கும். பிளேஸ்டேஷன் 2-க்கு ஆயிரக்கணக்கில் வந்தன. இன்னொரு கோடியில், 1995-இல் வந்து சீக்கிரமே நின்றுபோன வெர்ச்சுவல் பாய்க்கு ஜப்பான், அமெரிக்கா இரண்டையும் சேர்த்தே 22 கேம்கள்தான். சின்ன எண்ணாயிற்றே, எளிதாக முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் விற்காத கன்சோலின் கடைசி கேம்கள் மிகக் குறைந்த அளவிலேயே அச்சாகும். அந்த இரண்டு மூன்றுதான் கடைசிவரை கிடைக்காமல் இழுத்தடிக்கும்.

என் யோசனை இதுதான். ஒரு தாளை எடுத்து, திரும்ப விளையாட வேண்டும் என்று உண்மையாகவே ஏங்குகிற பத்து கேம்களின் பெயரை எழுதுங்கள். அந்தப் பத்தும் சேரும்வரை பதினோராவதைத் தொடாதீர்கள். பத்தையும் தேடி முடிக்கும்போது நீங்கள் எந்த மாதிரி சேகரிப்பாளர் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பேச்சு வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

விற்பவர் "லூஸ்" என்றால் வெறும் கேட்ரிட்ஜ் அல்லது வெறும் டிஸ்க். "சிஐபி" என்றால் பெட்டி, கையேடு, உள்ளே இருந்த துண்டுத்தாள்கள் எல்லாம் சேர்ந்தது. "சீல்டு" என்றால் பிரிக்காதது. "ரீப்ரோ" என்றால் பின்னாளில் யாரோ செய்த நகல். ரீப்ரோ என்று சொல்லி விற்பது வேறு, அசல் என்று சொல்லி விற்பது வேறு. இரண்டாவதைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

பெட்டியோடு வாங்குவதா, லூஸாக வாங்குவதா? அந்தக்கால நிண்டெண்டோ பெட்டிகள் அட்டையால் ஆனவை. பிள்ளைகள் பிரித்த அன்றே தூக்கிப் போட்டார்கள். ஆகவே பெட்டியோடு கிடைப்பது அரிது, விலையும் பல மடங்கு. செகா மெகா டிரைவ் கேம்கள் பலவும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வந்தன, அதனால் அவை இன்றும் பெட்டியோடு சாதாரணமாகவே கிடைக்கும். தொடங்குகிறவர் லூஸாக வாங்கலாம். ஆனால் கையேட்டை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அந்தக் காலத்து கேம் பலவற்றில் கதையே கையேட்டில்தான் இருக்கும். எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று திரையில் ஒரு வரிகூட வராது.

பிளேஸ்டேஷனில் நன்றாக விற்ற கேம்களை "கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்" என்றும் ஐரோப்பாவில் "பிளாட்டினம்" என்றும் மலிவுப் பதிப்பாக மறுபடி வெளியிட்டார்கள். அட்டையின் நிறம் மாறியிருப்பதால் சில சேகரிப்பாளர்கள் அவற்றை ஒதுக்குவார்கள். விளையாட வாங்குகிறவருக்கு அது நல்ல வாய்ப்பு.

சீல் பிரிக்காதவற்றின் பக்கம் போக வேண்டாம் என்பேன். அங்கே புழங்குவது வேறு ஆட்கள், வேறு நோக்கம். 1990-இல் நடந்த நிண்டெண்டோ உலக சாம்பியன்ஷிப் போட்டிக்காகச் செய்த கேட்ரிட்ஜ், சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26 மட்டும்தான் வெளியே போயின. அப்படியொரு பொருளைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்வது சுகம். அதைத் துரத்துவதை முதல் வருடத்து வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது.

வாங்கும் முன் இரண்டு பூட்டுகள்

முதல் பூட்டு பிராந்தியம். அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து கன்சோல்கள் என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கும். ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கத்தவை பிஏஎல் முறையில் 50 தடவை. பழைய பிஏஎல் கேம்கள் பலவும் இதனாலேயே சற்று மெதுவாக ஓடும். பிஎஸ்1, பிஎஸ்2 இரண்டிலும் வேறு பிராந்தியத்து டிஸ்க்கைப் போட்டால் ஏற்காது. ஃபேமிகாம் (என்இஎஸ்ஸின் ஜப்பான் வடிவம்) கேட்ரிட்ஜில் 60 பின்கள், அதே கேமின் என்இஎஸ் கேட்ரிட்ஜில் 72, ஆகவே ஒன்றை மற்றதில் நேரே செருக முடியாது. கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், ஸ்விட்ச் மூன்றிலும் இந்தத் தொல்லை கிடையாது. 3டிஎஸ்ஸில் உண்டு. எந்தப் பிராந்தியம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

இரண்டாவது பூட்டு மின்சாரம். இதில் கவனம் தப்பினால் கன்சோலே போய்விடும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். அங்கிருந்து வந்த அடாப்டரை 220 வோல்ட் இருக்கிற இடத்தில் நேரே செருகினால் கருகும். அதைவிட மறைவான ஆபத்து ஒன்று இருக்கிறது. அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் வெளியே தருவது ஏசி மின்சாரம். ஃபேமிகாமுக்கு வேண்டியது டிசி. இரண்டும் ஒரே குடும்பத்துக் கன்சோல்தானே என்று மாற்றிச் செருகினால் ஃபேமிகாம் பழுதாகும். முனை பொருந்துகிறது என்பதை நம்பாதீர்கள். வோல்ட், ஆம்பியர், ஏசியா டிசியா, நடுமுனை நேரா எதிரா என்று கன்சோலின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, அடாப்டரில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் செருகுங்கள்.

விலை கேட்பதும் சோதிப்பதும்

ஒருவர் கேட்கிற விலை வெறும் ஆசை. விற்று முடிந்த விலைதான் உண்மையான விலை. ஏலத் தளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் பிரித்துப் பார்க்கிற வசதி இருக்கும். கடைசிப் பத்து விற்பனையைப் பாருங்கள். அதில் பெட்டியோடு போனதையும் லூஸாகப் போனதையும் பிரித்து வையுங்கள்.

தொலைவிலிருந்து வாங்கினால் படம் கேளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், தங்கநிறப் பின்கள், டிஸ்க்கின் அடிப்பாகம், கன்சோலாக இருந்தால் திரையில் கேம் ஓடும்போது எடுத்த படம். கேட்டதும் தயங்காமல் அனுப்புகிற விற்பனையாளரை விட்டுவிடாதீர்கள். "சோதித்துப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால் ஓடாது என்று எடுத்துக்கொண்டு அந்த விலைக்கே பேசுங்கள்.

நேரில் வாங்கும்போது கன்ட்ரோலரின் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். நிண்டெண்டோ 64 கன்ட்ரோலரின் நடுக்குச்சியை ஆட்டினால் தளர்ந்து தொங்குகிறதா என்று தெரியும். அதில் ரொம்ப நாள் ஆடியிருந்தால் அடிக்கிண்ணம் தேய்ந்து வெள்ளைப் பொடி உதிரும். மொத்தமாகப் பெட்டிபெட்டியாக விற்பவர்களிடம் நல்ல கேம் கலந்து கிடைப்பதுண்டு. தேவையில்லாததைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

போலியைக் கண்டுபிடிப்பது

சேகரிக்கத் தொடங்கிய இரண்டாவது வருடத்தில் கேம் பாய் அட்வான்ஸுக்கான போகிமான் எமரால்ட் ஒன்றை வாங்கினேன். பச்சைக் கூடு, பளபளக்கும் லேபிள், பார்க்க ஒரு குறையும் இல்லை. மூன்று வாரம் தினமும் இரவில் விளையாடினேன். ஆறாவது பதக்கம் வாங்கிய மறுநாள் திறந்தால் சேவ் (எதுவரை விளையாடினோம் என்ற பதிவு) காணவில்லை. கூட்டைக் கழற்றிப் பார்த்தேன். எழுத்து அச்சடித்த சிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தார் உருண்டை போல ஒன்று ஒட்டியிருந்தது. விற்றவர் அசல் என்று உறுதி சொல்லித்தான் கொடுத்தார். போன பணத்தைவிட அந்த மூன்று வாரத்தை நினைத்துத்தான் மனம் நொந்தது.

அதிலிருந்து நான் பார்க்கிற இடங்கள் இவை. கேட்ரிட்ஜின் வாய்ப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். அசல் அட்வான்ஸ் கேட்ரிட்ஜில் பின்களுக்குச் சற்று மேலே, சர்க்யூட் அட்டையில் நிண்டெண்டோ என்ற ஆங்கில எழுத்து தெரியும். அடுத்து லேபிள். அதன் மேல் மெல்லிதாக ஓர் எண் அழுத்தி வைத்திருக்கும், மையில்லாமல் வெறும் பள்ளமாக. விளக்கை ஒரு பக்கத்திலிருந்து காட்டினால் மட்டும் தென்படும். மூன்றாவது, போகிமான் கேம்களில் ரூபி, சஃபையர், எமரால்ட் மூன்றின் கூடும் ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக். உள்ளே வட்டமான பட்டன் பேட்டரியின் நிழல் தெரிய வேண்டும். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் பேட்டரியே கிடையாது. அதில் காணவில்லை என்று பதற வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் பலருக்கு வருகிறது. எமரால்டைத் திறந்ததும் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் அது போலி என்று அர்த்தமில்லை. வயதான அசல் கேட்ரிட்ஜில் அது வருவது இயல்பு. அந்த மூன்றிலும் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். சேவ் தனியாக ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அது அழியாது.

டிஸ்க்கில் பார்ப்பது வேறு. அசல் பிஎஸ்1 டிஸ்க்கின் அடி பெரும்பாலும் கறுப்பு. பிஎஸ்2-வில் சில டிஸ்க்குகள் அடியில் நீலமாக இருக்கும். போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், சிடியாக வெளிவந்தவை அப்படித்தான் இருக்கும்.

சுத்தம் செய்தல்: பஞ்சுக்குச்சியும் பொறுமையும்

என்இஎஸ் கன்சோலில் கேமைச் செருகி பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும், திரையும் கூடவே மின்னும். பார்த்தவர்கள் கன்சோல் போய்விட்டது என்று முடிவுகட்டி விற்றுவிடுகிறார்கள். உள்ளே காவல் சிப் ஒன்று இருக்கிறது. அது கேட்ரிட்ஜில் இருக்கும் ஜோடிச் சிப்போடு பேசிப் பார்க்கும், பதில் சரியாக வராவிட்டால் கன்சோலை விநாடிக்கொரு தடவை திரும்பத் தொடங்கவைக்கும். பின்களில் அழுக்கு இருந்தாலே அந்தப் பேச்சு தடைபட்டுவிடும். நூற்றில் பெரும்பாலானவை சுத்தம் செய்தாலே எழுந்துவிடும்.

சின்ன வயதில் நாம் எல்லோரும் கேட்ரிட்ஜுக்குள் வாயால் ஊதினோம். தயவுசெய்து இனி வேண்டாம். வாயிலிருந்து போகிற ஈரம் பின்களில் படிந்து மெல்ல அரிக்கும். ஊதிய பிறகு ஓடியதற்குக் காரணம், வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதுதான்.

90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி இரண்டும் போதும். குச்சியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, பின்களின் நீளவாக்கில் மேலும் கீழும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் பஞ்சு நூல் சிக்கும். முதல் குச்சி கரித்துணி மாதிரி கறுத்து வரும். இரண்டாவது பழுப்பாக. நாலாவதோ ஐந்தாவதோ கிட்டத்தட்ட வெள்ளையாக வரும்போது நிறுத்துங்கள். பத்து நிமிடம் காயவிட்டு அப்புறம் செருகுங்கள். இருபது முப்பது வருடத்து அழுக்கு குச்சிகுச்சியாக வெளியே வந்து, அதற்குப் பிறகு திரையில் தலைப்பு எழுகிறபோது வருகிற சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியவில்லை. ஒரு தடவை செய்து பாருங்கள்.

கூட்டைத் திறக்க வேண்டியிருந்தால் சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஆகாது. என்இஎஸ், சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64, கேம் பாய் கேட்ரிட்ஜ்களுக்கு 3.8 மில்லிமீட்டர் "கேம்பிட்" முனை வேண்டும். சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64 கன்சோல்களைத் திறக்க 4.5 மில்லிமீட்டர். அட்வான்ஸ் கேட்ரிட்ஜுக்கு மூன்று இதழ் போன்ற "ட்ரை-விங்" முனை. கத்தி நுனியால் நெம்பி உடைத்த கூடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வலிக்கும்.

டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக வேண்டாம். அடியில் இருக்கிற லேசான கீறலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மெருகேற்றிச் சரிசெய்யலாம். பயப்பட வேண்டியது மேல்பக்கத்துக் கீறலுக்கு. சிடியில் தகவல் இருக்கிற படலம் லேபிளுக்கு அடியிலேயே ஒட்டியிருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் மீட்பே இல்லை. வாங்கும்போது டிஸ்க்கை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தினாற்போல் ஒளி ஊடுருவினால் படலம் அங்கங்கே போயிருக்கிறது.

வைக்கும் இடம்

வெயில், ஈரம், பேட்டரி. மூன்று எதிரிகள்.

சூப்பர் நிண்டெண்டோவின் சாம்பல் நிறம் மஞ்சளாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடு செய்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் கலந்த பொருள் சேர்த்தார்கள். ஒளியும் வெப்பமும் பட்டு அது நிறம் மாறுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிற முறை ஒன்று உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். திட்டுத்திட்டாக வெளுத்துப் போகலாம், நாளடைவில் மஞ்சள் திரும்பியும் வரலாம். நேர்வெயில் படாத சுவரில் அலமாரி வைத்தால் மற்றவற்றையாவது காப்பாற்றலாம்.

ஈரத்துக்கு, மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். டிஸ்க்கை நிற்க வையுங்கள். கையேட்டுக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடவே கூடாது. அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

கேம் பாய் போன்ற கைக்கருவிகளை எடுத்து வைக்கும்போது பென்டார்ச் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் பேட்டரி ஒழுகி வருகிற வெள்ளைப் பொடி காரத்தன்மை கொண்டது. பஞ்சுக்குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்தால் கரையும், பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். பிஎஸ்பி (பிளேஸ்டேஷனின் கைக்கருவி) வைத்திருந்தால் அதன் பேட்டரியை இன்றே எடுத்துத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் அதைத் திரும்ப உள்ளே போடாதீர்கள், மின்னணுக் கழிவோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

சில கன்சோல்கள் சும்மா இருந்தாலே கெடும். 1990-இல் வந்த செகா கேம் கியரின் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகங்கள்) ஒழுகி, முதலில் சத்தம் குறையும், பிறகு படம் மங்கும். முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கென்று இருக்கிற கெப்பாசிட்டர் ஒழுகி அடியில் இருக்கிற செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். இந்த இரண்டில் ஒன்றை வாங்கினால் முதல் வேலையே தெரிந்தவரிடம் கொடுத்து அதைப் பார்க்கச் சொல்வது. ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

டிவி பற்றி ஒரு வார்த்தை

பழைய கன்சோல்களின் படம் குழாய் டிவிக்கென்று வரைந்தது. டக் ஹன்ட் போன்ற துப்பாக்கி கேம்கள் அதில் மட்டும்தான் வேலை செய்யும், ஏனென்றால் அந்தத் துப்பாக்கி திரையின் ஒளி மின்னலைப் பார்த்துத்தான் குறி பட்டதா என்று அறிகிறது. இடமிருந்தால் சின்னதாக ஒரு குழாய் டிவி வைத்துக்கொள்ளுங்கள். பழுதானால் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இடம் இல்லையென்றால், பழைய சிக்னலை ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுகிற நல்ல பெட்டி ஒன்று போதும்.

பட்டியல்

முதல் கேமிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். பெயர், பிராந்தியம், லூஸா முழுமையா, வாங்கிய நாள், கொடுத்த விலை, கடைசியாக ஓட்டிப் பார்த்த நாள். கடைசிக் கட்டம்தான் எனக்கு முக்கியம். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துத் தேதி போடுகிறேன். ஒரே கேமை இரண்டு தடவை வாங்குவதிலிருந்தும் இந்தப் பட்டியல்தான் காப்பாற்றும். புதிய கேம்களுக்கு இன்னொரு கட்டமும் சேர்த்திருக்கிறேன்: கேம் முழுதும் உள்ளே இருக்கிறதா? 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-க்கு விற்கிற சில அட்டைகளில் சாவி மட்டும்தான் இருக்கும், கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வாங்கும் முன் பெட்டியின் முன்பக்கத்துக் குறிப்பைப் படியுங்கள்.

சேவ் பேட்டரி: கடைசியாக, அவசரப்படாமல்

1980களின் பிற்பகுதியிலிருந்து பல கேட்ரிட்ஜ்களுக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. என்இஎஸ்ஸில் வந்த த லெஜண்ட் ஆஃப் செல்டா அப்படி ஒன்று. கன்சோலை அணைக்கும்போது ரீசெட் பட்டனைப் பிடித்துக்கொண்டே அணையுங்கள் என்று அந்த கேமே சொல்லும், சேவ் கெடாமல் இருக்க. கேம் பாயின் போகிமான் ரெட், புளூவில் சிறிய சிஆர் 1616 வகை பேட்டரி, போகிமான் கோல்டு, சில்வரில் சிஆர் 2025 வகை. பின்னவற்றில் பேட்டரி கடிகாரத்தையும் ஓட்ட வேண்டியிருப்பதால் அது சீக்கிரம் தீரும். பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடும், சேவ் நிற்காது.

மாற்றுவது கடினமில்லை. பேட்டரியின் இரண்டு பக்கமும் உலோகப் பட்டை பற்றவைத்திருக்கும். அந்தப் பட்டையோடு விற்கிற புதிய பேட்டரியை வாங்கி, பழையதைச் சால்டரிங் இரும்பால் எடுத்துவிட்டு, நேர்முனை எதிர்முனை மாறாமல் வைத்துப் பற்றவைக்க வேண்டும். டேப் போட்டு ஒட்டுகிற குறுக்குவழி வேண்டாம், சின்ன அசைவில் தொடர்பு விட்டுப்போகும். சால்டரிங் பழகாதவர் முதலில் பாழான போர்டு ஒன்றில் பழகுங்கள்.

ஆனால் பேட்டரியைக் கழற்றிய நொடியில் பழைய சேவ் போய்விடும். அதனால் கூட்டைத் திறக்கும் முன் கேமை ஒரு தடவை ஓட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

போன வருடம் கைக்கு வந்த போகிமான் ரெட் ஒன்றில் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருந்தது. கேமை ஓட்டி, திரையில் பழைய ஆட்டத்தைத் தொடர்வதற்கான கட்டத்தைத் திறந்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், எட்டு பதக்கம், 151 போகிமான்களில் 149 பிடித்தாயிற்று, விளையாடிய நேரம் 212 மணி. ஏதோ ஒரு பிள்ளை ஒரு கோடை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து சேர்த்தது அது. இன்னும் இரண்டு பிடித்தால் முடிந்திருக்கும்.

கேட்ரிட்ஜிலிருக்கும் சேவ் பதிவைக் கணினிக்கு நகலெடுக்கிற சிறு கருவிகள் கிடைக்கின்றன. அப்படியொன்றில் கேட்ரிட்ஜைச் செருகி, சேவ் பதிவை எடுத்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம்தான் பேட்டரியை மாற்றினேன். நகலைத் திரும்ப உள்ளே எழுதி, கூட்டை மூடி, பட்டனை அழுத்தினேன். அதே பெயர், அதே 212 மணி. பட்டியலில் அந்த கேமின் வரிசையில் அந்தப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். மீதி இரண்டையும் நான் பிடிக்கவில்லை. என் விளையாட்டுக்கு வேறொரு ரெட் வாங்கிக்கொண்டேன்.